வலி முட்டியில், பழுது பந்துக்கிண்ணத்தில்: எட்டு மாதம் தள்ளிப்போன ஒரு நோயறிதல்

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தும் இடமே பந்துக்கிண்ண மூட்டு. அது கெட்டு, வலி முட்டியில் தெரிந்த ஒருவரைப் பற்றியது இது. இந்த ஆய்வில் வருபவர் யாரென்று தெரிந்துவிடாதபடி ஊர், தொழிலிடம் பற்றிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

அவருக்கு வயது 39. மேற்கு மாவட்டம் ஒன்றில் விசைத்தறி ஓட்டுகிறார். ஷிப்டுக்கு 12 மணி நேரம். ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், பாவு நூல் அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். ஆறு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிற வேலை. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் வேறு வருமானம் கிடையாது. 2022 பிப்ரவரிக்கு முன் மூட்டுவலி என்று எந்த மருத்துவரிடமும் போனதில்லை. கால் பிசகியதோ விழுந்ததோ இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கிய பிறகு குடிப்பது உண்டு, தினமும் இல்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் பாதிக்கப்பட்டு 10 நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் ஒரு வாரம் ஆக்சிஜன் தேவைப்பட்டது. 10 நாளும் தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடப்பட்டது. அது சரியான சிகிச்சைதான். ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளில் இந்த மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியிருந்தது. இவரும் அந்த மருந்தால் பிழைத்தவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பிழை நேர்ந்தது வீட்டுக்கு வந்த பிறகு. சீட்டில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு, 16 மி.கி. மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாளைக்கு என்றும், பிறகு படிப்படியாகக் குறைக்கவும் எழுதியிருந்தது. குறைக்கும் முறை ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மாத்திரை சாப்பிட்டால் பசி எடுத்தது, மூச்சு வாங்குவது குறைந்தது, உடம்பு தெம்பாக இருந்தது. அதனால் அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கி, ஆறு வாரம் அதே அளவில் சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் கையில் பணமில்லை, நிறுத்திவிட்டார். நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் உடம்புக்கான இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி அதற்குள் தன் வேலையை விட்டிருக்கும். இரண்டு வாரம் எழுந்து நடக்கவே சோர்வாக இருந்ததை 'கொரோனா அசதி' என்று எண்ணிக்கொண்டார்.

முட்டியைச் சுற்றி எட்டு மாதம்

2022 பிப்ரவரியில் வலது முட்டியில் வலி தொடங்கியது. முதலில் ஷிப்டு முடிகிற நேரத்தில் மட்டும். மார்ச்சில் காலையில் தறிக்கூடத்துப் படி ஏறும்போதே வந்தது. அருகிலிருந்த கிளினிக்கில் இரண்டு முழங்காலுக்கும் நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். 'ஆரம்ப நிலைத் தேய்மானம்' என்று அறிக்கை வந்தது. அசெக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரை, கால்சியம், குளுக்கோசமின், கூடவே முட்டியில் மாட்டும் நீ-கேப் உறை ஒன்று. மாத்திரை சாப்பிட்ட நாளில் வலி பாதியானது, சாப்பிடாத நாளில் திரும்பியது.

ஜூனில் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. உட்பக்க மெனிஸ்கஸில் (முட்டிக்குள் மெத்தை போன்ற திசு) இரண்டாம் நிலை மாற்றம் என்று எழுதி வந்தது. ஜூலையில் முட்டிக்குள் ஊசி: ஸ்டீராய்டான டிரையாம்சினோலோன் 40 மி.கி., அதோடு மரப்பு மருந்தான லிக்னோகெயின் 2 மி.லி. பலன் இல்லை. ஆகஸ்டில் நொண்டத் தொடங்கினார். செப்டம்பரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, வலது கால் நகம் வெட்ட முடியவில்லை, வண்டியில் ஏறக் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. 'கால் மடக்க முடியல' என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் அதை முழங்காலை மடக்க முடியவில்லை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் யாரும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் முந்தைய சீட்டைப் பார்த்து அடுத்த படியை எடுத்திருக்கிறார்கள். முதல் சீட்டில் 'முழங்கால்' என்று எழுதியிருந்தது, அதற்குப் பிறகு வந்த எல்லாச் சீட்டிலும் அதுவே தொடர்ந்தது.

முழங்காலில் எது வலிக்கும், எது வலிக்காது

முழங்கால் மூட்டில் மூன்று எலும்புகள் சேர்கின்றன: மேலே தொடை எலும்பு, கீழே கெண்டைக்காலின் பெரிய எலும்பு, முன்னால் முட்டிச்சில்லு. கெண்டைக்காலில் வெளிப்பக்கமாக இருக்கும் மெல்லிய எலும்பு இந்த மூட்டில் சேராது. எலும்பு முனைகளை மூடி, இடத்துக்கு இடம் மாறும் சில மில்லிமீட்டர் தடிமனில் குருத்தெலும்பு இருக்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெனிஸ்கஸ்கள் மெத்தை போல இருக்கின்றன. உள்ளே குறுக்காக, எலும்புகளை இணைத்துக் கட்டும் இரண்டு லிகமென்ட், பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இரண்டு. எல்லாவற்றையும் ஓர் உறை மூடியிருக்கிறது. உறையின் உள்சவ்வு சுரக்கும் மூட்டுநீர், ஆரோக்கியமான முழங்காலில் சில மில்லிலிட்டர்தான் இருக்கும்.

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக்குழாயும் இல்லை. தேய்வதால் மட்டும் அது வலிக்காது. அதற்கு அடியிலுள்ள எலும்பு, உள்சவ்வு, உறை, லிகமென்ட், மெனிஸ்கஸின் வெளி விளிம்பு, சுற்றியுள்ள நீர்ப்பைகள் ஆகியவைதான் வலிக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்துக்கும் ஒருவர் படும் வலிக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லாததற்கு இது ஒரு காரணம். நாற்பதை நெருங்கும் ஒருவரின் முழங்கால் எக்ஸ்ரேயில் லேசான மாற்றம் இருப்பது வழக்கமானது. மெனிஸ்கஸில் இரண்டாம் நிலை மாற்றம் என்பதும் கிழிசல் அல்ல. திசுவுக்குள்ளேயே நின்றுவிட்ட, மேற்பரப்பை எட்டாத நிறமாற்றம் அது. வலியே இல்லாதவர்களிடமும் நிறையப் பார்க்கலாம். இவருடைய இரண்டு படங்களும் பொய் சொல்லவில்லை. அவற்றில் தெரிந்ததற்கும் இவருடைய வலிக்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான்.

ஜூலை ஊசிதான் தவறவிட்ட பெரிய தடயம். வலியின் ஊற்று முட்டிக்குள் இருந்திருந்தால், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆனாலும், கூடப் போட்ட மரப்பு மருந்து 10, 15 நிமிடத்தில் வலியைத் தற்காலிகமாகவாவது அடக்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் படி ஏறச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. 'ஊசியும் கேட்கல' என்பது சிகிச்சையின் தோல்வியாகப் பதிவானது. அதே மூட்டுதானா என்ற கேள்வியை அது எழுப்பியிருக்க வேண்டும்.

2022 அக்டோபர்: பிசியோதெரபி அறையில் கண்டது

முட்டித் தேய்மானத்துக்குப் பயிற்சி என்று எழுதி அரசு மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். கதவிலிருந்து மேசை வரை அவர் நடந்து வந்த ஏழெட்டு அடியிலேயே முதல் சந்தேகம் வந்தது. வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்தது. முட்டி வலிக்காரர் முட்டியை மடக்காமல் விறைப்பாக வைத்து நடப்பார். இவருக்கு முட்டி இயல்பாக மடங்கியது, சாய்ந்தது தோள்.

வலி எங்கே என்று விரலால் காட்டச் சொன்னபோது அவர் விரலால் காட்டவில்லை. தொடையின் முன்பக்கத்திலிருந்து முட்டி வரை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். மெனிஸ்கஸ், லிகமென்ட், நீர்ப்பை வலிகள் பெரும்பாலும் ஒற்றை விரலுக்குள் அடங்கும். உள்ளங்கை தேவைப்படும் வலி வேறெங்கிருந்தோ வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

முட்டியில் வீக்கம் இல்லை, சூடு இல்லை. சில்லை அழுத்தினால் நீர் மிதக்கும் உணர்வு இல்லை. மூட்டுக் கோட்டில் எங்கே அழுத்தியும் வலி இல்லை. முழுதாக நீட்டி 135 டிகிரி வரை மடக்க முடிந்தது. சில்லுக்கு 15 செ.மீ. மேலே அளந்தபோது வலது தொடை இடதைவிட 2.5 செ.மீ. மெலிந்திருந்தது.

பிறகு மல்லாந்து படுக்க வைத்து, தொடையை 90 டிகிரி மடக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்தினார்கள். பாதம் வெளியே போனால் தொடை எலும்பின் தலை கிண்ணத்துக்குள் உட்பக்கம் திரும்புகிறது என்று பொருள். புதிதாகப் பழகுபவர்கள் இதைத் தலைகீழாக எழுதிவிடுவது உண்டு. இயல்பாக 30 முதல் 40 டிகிரி திரும்பும். இவருக்கு வலப்பக்கம் 5 டிகிரியில் நின்றது. நின்ற இடத்தில், "இதுதானுங்க! இந்த வலிதானுங்க" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். முட்டியை யாரும் திருகவில்லை, அது பிடித்தபடியே இருந்தது. இடப்பக்கம் 25 டிகிரி, லேசான பிடிப்பு. இடது கால் பற்றி அவர் அதுவரை எந்தக் குறையும் சொன்னதில்லை.

பந்துக்கிண்ண மூட்டு கெட்டால் அதன் உட்சுழற்சிதான் முதலில் குறையும். இந்தச் சோதனைக்கு 20 விநாடி போதும்.

பேச்சில் பெயரில்லாத மூட்டு

எட்டு மாதத்தில் குறைந்தது இரண்டு இடத்திலாவது அவரிடம் 'இடுப்பு வலிக்குதா?' என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. நம் பேச்சில் இடுப்பு என்றால் வேட்டி கட்டும் இடம், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடம். இடுப்பு வலி என்றால் கீழ்முதுகு வலி. தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் பொருந்தும் மூட்டோ தொடைச்சந்துக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் அதற்குப் பந்துக்கிண்ண மூட்டு என்று பெயர், வீட்டுப் பேச்சில் பெயரே இல்லை. பெயரில்லாத இடத்தை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார்.

அன்று கேள்வியை மாற்றினார்கள்: "கவட்டையில, தொடைச்சந்துல ஏதாவது பிடிக்குதா?"

"ஆமாங்க, ஆறு மாசமா லேசாப் பிடிக்குதுங்க. அதை வலின்னு சொல்ல முடியாதுங்க. வலி முட்டியிலதானுங்க."

இதற்கு உடற்கூற்றில் விடை இருக்கிறது. ஒரு மூட்டை அசைக்கும் தசைகளுக்குப் போகும் நரம்புகளே அந்த மூட்டுக்கும் கிளை கொடுக்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஹில்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விளக்கினார். கீழ்முதுகின் 2, 3, 4ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பும் ஆப்டுரேட்டர், ஃபெமரல் நரம்புகள் இரண்டும் பந்துக்கிண்ண மூட்டுக்கும் கிளை கொடுக்கின்றன, முழங்காலுக்கும் கொடுக்கின்றன. ஆழத்தில் ஓர் எலும்பு அழுத்தும்போது, அந்தச் செய்தி எந்தக் கிளை வழியாக வந்தது என்று மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை.

குழந்தைகளில் இதைத் தவறவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. முட்டி வலி என்று நொண்டும் 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு, பந்துத்தலையின் இரத்த ஓட்டம் குறையும் பெர்த்திஸ் நோய் இருக்கலாம். பருவ வயதில், குறிப்பாக உடல் பருமனான பிள்ளைகளில், தலை தன் வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கலாம். இருவரும் கையை வைத்துக் காட்டுவது முட்டியைத்தான்.

எவற்றையெல்லாம் யோசித்து விலக்கினார்கள்

மூட்டுவலிக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறியப் பெரும்பாலும் நான்கு கேள்விகள் உதவும்: எத்தனை மூட்டு, எந்த நேரத்தில், வீக்கம் உண்டா, எப்படித் தொடங்கியது. காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கையிலும் சிறு மூட்டுகளில் வீக்கம் என்றால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். இவருக்குக் காலை விறைப்பு 5 நிமிடம்தான், கைகள் சுத்தம். ராத்திரியோடு ராத்திரியாகக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கினால் கவுட். இவருடைய வலி மெல்ல ஏறியது. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி உண்டு, ஆனால் அது பல மூட்டுகளில் வரும், இவருக்கு அந்தக் காய்ச்சலும் இல்லை. கீழ்முதுகில் மூன்றாம் நரம்பு வேர் அழுந்தினாலும் தொடை முன்பக்கமும் முட்டியும் வலிக்கும். அப்போது முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறும் அனிச்சை குறைந்து, தோலில் மரப்பு இருக்கும். இரண்டும் இவருக்கு இல்லை.

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு சிவந்து, வீங்கி, அசைக்கவே விடாமல் வலித்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றைக்கே நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. இங்கே அந்த நிலை இல்லை.

மூட்டுக் காசநோயை விலக்கத்தான் சற்று நேரம் பிடித்தது. நம் நாட்டில் பந்துக்கிண்ண மூட்டில் மெதுவாக ஏறும் வலி, தசை மெலிவு, நொண்டல் என்றால் அதைக் கேட்காமல் விட முடியாது. இரவுக் காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, மார்பு எக்ஸ்ரே தெளிவு, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளில் இ.எஸ்.ஆர். 18, சி.ஆர்.பி. இயல்பு. பின்னால் அறுவையில் எடுத்த எலும்பின் திசுப் பரிசோதனையும் காசநோய் இல்லை என்று உறுதி செய்தது.

மிஞ்சிய சந்தேகம், ஸ்டீராய்டால் இரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை செத்துப்போவது. ஸ்டீராய்டு பற்றிய கேள்விக்கும் முதலில் 'இல்லை' என்ற பதில்தான் வந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. 'கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் சாப்பிட்ட மாத்திரை அட்டை ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியபோது, மறுநாள் அவர் மனைவி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். விட்டமின், சளி மருந்து அட்டைகளுக்கு நடுவே மெத்தில்பிரெட்னிசோலோன் 16 மி.கி. காலி அட்டைகள் எட்டு. ஒன்பதாவது அட்டையில் மாத்திரைகள் மிச்சம் இருந்தன.

கணக்குப் போடப்பட்டது. ஸ்டீராய்டுகளை ஒப்பிட அளவுகோலாகக் கொள்வது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை. டெக்சாமெத்தசோன் 6 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 40 மி.கி.க்குச் சமம். 10 நாளுக்கு 400. மெத்தில்பிரெட்னிசோலோன் 16 மி.கி. என்பது 20க்குச் சமம். தினம் இரண்டு, 42 நாளுக்கு 1680. மொத்தம் 2080 மி.கி. மூன்று மாதத்துக்குள் 2000 மி.கி.யைத் தாண்டியிருந்து, இரண்டு ஆண்டுக்குள் நோய் தெரிந்தால் அதை ஸ்டீராய்டால் வந்த எலும்புச் சாவு என்று வகைப்படுத்துவது சர்வதேச வழக்கம். அதற்காக 2000க்குக் கீழே பயமில்லை என்று எண்ணிவிடக்கூடாது. 2021இல் மும்பையிலிருந்து வெளியான மூன்று கொரோனா நோயாளிகளின் விவரத்தில் சராசரி அளவு 758 மி.கி.தான்.

படங்களில் தெரிந்தது

எக்ஸ்ரே இரண்டு பந்துக்கிண்ணமும் ஒரே படத்தில் தெரியும்படி முன்னிருந்து ஒன்றும், தவளை போலக் கால் விரித்த நிலையில் ஒன்றும் எடுக்கப்பட்டது. இரண்டாவது படம் இல்லாமல் விட்டிருந்தால் முக்கியமானது தவறியிருக்கும். வலப்பக்கத் தலையின் மேல்வளைவுக்குக் கீழே நகக்கண் பிறை போன்ற மெல்லிய கறுப்புக் கோடு தவளை நிலையில்தான் தெரிந்தது. செத்த எலும்பு உள்ளே முறிந்து, மேல் ஓடு தனியாகப் பிரிந்து நிற்பதன் அடையாளம் அது. தலை சுமார் 1 மி.மீ. அமுங்கியிருந்தது. இடப்பக்கம் எக்ஸ்ரேயில் முற்றிலும் இயல்பு.

ஒரு வாரம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இடப்பக்கமும் நோய் இருந்தது. தலையின் சுமார் கால் பங்கு, பெரும்பாலும் பாரம் குறைவாக விழும் உட்பகுதியில். எக்ஸ்ரேக்கு இன்னும் அகப்படாத முதல் நிலை. ஸ்டீராய்டால் வரும் இந்த நோய் பாதிக்கு மேற்பட்டவர்களில் இரண்டு பக்கமும் இருக்கும். வலிக்காத பக்கத்தையும் படம் எடுப்பதற்கு அதுதான் காரணம்.

தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகும் வழி குறுகலானது. தலைக்குக் கீழே குறுகும் எலும்புக் கழுத்தைச் சுற்றி மேலேறும் சில மெல்லிய குழாய்கள், முக்கியமாகத் தொடையின் உட்பக்கச் சுற்றுத் தமனியின் கிளைகள், அவ்வளவுதான். பெரியவர்களில் மாற்றுவழி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஸ்டீராய்டால் மஜ்ஜையிலுள்ள கொழுப்புச் செல்கள் பெரிதாகின்றன. எலும்புக்குள் அவை பெரிதாக இடம் கிடையாது, உள் அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் நசுங்குகின்றன. சில குழாய்களைக் கொழுப்புத் துணுக்குகள் அடைக்கின்றன. மதுவும் இதையே செய்யும் என்பதால் அவருடைய சனிக்கிழமைப் பழக்கமும் பேசப்பட்டது. அன்றோடு விட்டுவிட்டார். செத்த எலும்பு உடனே உடையாது. உடம்பு அதைச் சரிசெய்யப் புதிய குழாய்களை அனுப்பி, பழையதைக் கரைக்கத் தொடங்கும்போது, கரைவது முந்திக்கொண்டு கட்டுவது பிந்துகிறது. அந்த இடைவெளியில்தான் தலை அமுங்குகிறது. ஸ்டீராய்டுக்கும் வலிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுவது இதனால்தான்.

எடுத்த முடிவுகள்

இரண்டு பக்கம் இரண்டு நிலையில் இருந்ததால் சிகிச்சையைவிட அதன் வரிசைதான் சிக்கலானது. இடப்பக்கத்துக்கு எலும்பில் துளையிட்டு உள் அழுத்தத்தைக் குறைக்கலாம். தலை அமுங்குவதற்கு முன் செய்தால்தான் அதில் பொருள் உண்டு. ஆனால் துளையிட்ட காலை ஆறு வாரம் முழுதாக ஊன்றக்கூடாது. அப்படியானால் உடம்புப் பாரம் முழுவதும் ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் வலப்பக்கத்தில் இறங்கும். வலப்பக்கத்தை முதலில் மாற்றிவிட்டு இடதைப் பிறகு பார்க்கலாம் என்றால், அந்த இரண்டு மூன்று மாதத்தில் இடது அமுங்கிவிடலாம்.

ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்வது என்று முடிவானது: வலப்பக்கம் முழு மூட்டு மாற்று, இடப்பக்கம் துளையிடல். மாற்று மூட்டில் மறுநாளே முழுப் பாரம் ஊன்றலாம் என்பதால் இடது காலுக்கு ஓய்வு கிடைக்கும். 39 வயதில் செயற்கை மூட்டா என்ற தயக்கம் குடும்பத்துக்கும் இருந்தது, மருத்துவர்களுக்கும் இருந்தது. வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரலாம் என்பதை மறைக்காமல் சொன்னார்கள்.

உடனே அறுவை செய்ய முடியவில்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.3 இருந்தது. தனக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. அந்த அளவில் செயற்கை மூட்டு வைத்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடும். எட்டு மாத வலி மாத்திரையால் சிறுநீரகம் பழுதாகியிருக்குமோ என்று பார்த்ததில் கிரியாட்டினின் 1.1, அது நல்ல செய்தி. மெட்ஃபார்மின் தொடங்கி, இரண்டு முழங்கைக் கட்டைகளோடு நடக்கச் சொல்லி, எட்டு வாரம் காத்திருந்தார்கள். டிசம்பரில் சர்க்கரை 7.2க்கு இறங்கியது. அதற்குள் வலப்பக்கத் தலை 3 மி.மீ. அமுங்கியிருந்தது. தயக்கத்துக்கு அதன் பிறகு இடமில்லை.

அறுவையும் அடுத்த ஆறு வாரமும்

2022 டிசம்பர் நடுவில் அறுவை நடந்தது. இடப்பக்கம் முதலில்: 3.2 மி.மீ. துளைக்கம்பியால் தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து தலையின் செத்த பகுதி வரை, எக்ஸ்ரேத் திரையில் பார்த்தபடி மூன்று துளைகள். நுழையும் இடம், தொடை எலும்பின் மேற்பகுதியில் உட்பக்கம் துருத்தும் சிறிய முண்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் அந்த இடத்திலேயே எலும்பு முறியும் ஆபத்து உண்டு. வலப்பக்கம் சிமென்ட் இல்லாத டைட்டானியக் கிண்ணமும் தண்டும், 36 மி.மீ. செராமிக் தலை, தேய்மானம் குறைந்த பாலிஎத்திலீன் உள்ளோடு.

வெளியே எடுத்த எலும்புத் தலை மேலே பார்க்க வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பிங்பாங் பந்து போல உள்வாங்கி மீண்டது. குறுக்கே வெட்டியபோது குருத்தெலும்பு ஓடு தனியாக எழும்பி வந்தது. அதற்குக் கீழே மஞ்சளாக, சுண்ணாம்பு போல உதிரும் எலும்பு, அதைச் சுற்றி இரத்தம் பாயும் சிவந்த வளையம்.

மறுநாள் வாக்கரோடு எழுந்து நின்றார். அறுவைப் புண் வலித்தது. முட்டி வலி இல்லை. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இடது காலில் 20 கிலோவுக்கு மேல் ஊன்றக்கூடாது என்று சொன்னால் 20 கிலோ என்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதற்காக எடை பார்க்கும் இயந்திரத்தைத் தரையில் வைத்து, இடது பாதத்தை மட்டும் அதன்மேல் அழுத்தி, முள் 20இல் நிற்கும்வரை பழக்கினார்கள். முதல் நாள் 35, 40 என்று ஓடியது. மூன்றாம் நாள் பார்க்காமலே 20க்குப் பக்கத்தில் நிறுத்தினார். வீட்டிலும் வாரம் ஒருமுறை பக்கத்துக் கடையின் எடை இயந்திரத்தில் சரிபார்த்தார்.

வலப்பக்கத்துக்குத் தடைகள் வேறு. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்பதால் தொடையை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, திரும்பிப் படுத்தால் கால்களுக்கு நடுவே தலையணை. வீட்டில் இருந்தது தரைக் கழிப்பறை. மருத்துவமனையை விட்டுப் போவதற்கு முன்பே நடுவில் ஓட்டை வெட்டிய நாற்காலி ஒன்றை அதன்மேல் போட ஏற்பாடானது. இதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் வாரத்திலேயே மூட்டு நழுவும். பாய்க்குப் பதில் கட்டில், குட்டை ஸ்டூலுக்குப் பதில் உயரமான நாற்காலி.

இடப்பக்கத்துக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையும் தொடங்கப்பட்டது. இந்த நோயில் அதன் பலன் பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

பிறகு நடந்தது

2023 பிப்ரவரி தொடக்கத்திலிருந்து இடது காலில் படிப்படியாகப் பாரம் கூட்டப்பட்டது. மாத இறுதியில் ஒரு கைத்தடியோடு, ஏப்ரலில் தடியில்லாமல் நடந்தார். பக்கவாட்டுச் சாய்வு போக மேலும் இரண்டு மாதம் ஆனது. இடுப்பின் வெளித்தசைகள் எட்டு மாதத்தில் இழந்ததை, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியால் தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்து பத்தாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

மே மாதம் அதே தறிக்கூடத்தில் வேலைக்குத் திரும்பினார், ஆனால் தறிக்கு இல்லை. துணி அளந்து மடித்து எண்ணும் மேசை வேலை. கூலி குறைவு. இந்த இழப்பை எந்தச் சிகிச்சையும் ஈடுகட்டவில்லை. 2023 டிசம்பர் எம்.ஆர்.ஐ.யில், வலப்பக்க உலோகத்தின் நிழலுக்கு நடுவிலும், இடது தலை உருண்டையாகத் தெரிந்தது. நோய்ப்பகுதி பெருகவில்லை. 2024 டிசம்பர் எக்ஸ்ரேயிலும் அமுங்கல் இல்லை, உட்சுழற்சி 30 டிகிரி.

எதை மாற்றுவோம்

முட்டி வலி என்று வரும் எவருக்கும், எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதுவதற்கு முன் தொடையை மடக்கிச் சுழற்றிப் பார்ப்பது இப்போது அந்தப் பிசியோதெரபிப் பிரிவின் பதிவுத் தாளில் தனிக் கட்டமாக இருக்கிறது. டிகிரி எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. கேள்வி 'இடுப்பு வலிக்குதா' என்று இல்லை. 'தொடைச்சந்தில், கவட்டையில் பிடிக்கிறதா? சம்மணம் போட முடிகிறதா? கால் நகம் வெட்ட முடிகிறதா?' என்று அச்சிட்டிருக்கிறது. முட்டி ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்து, படி ஏறச் சொல்லி, வலி குறைந்ததா என்று எழுத வேண்டும்.

ஸ்டீராய்டோடு வீட்டுக்குப் போகிறவர்களின் சீட்டில் நிறுத்தும் தேதி தமிழில், எண்ணாக, பெரிதாக இருக்க வேண்டும். குறைக்கும் முறையை '5 நாள் 2 மாத்திரை, அடுத்த 5 நாள் 1, பிறகு அரை' என்று எழுதினால் யாருக்கும் புரியும். மூட்டுவலிக்காரரிடம் 'ஸ்டீராய்டு எடுத்தீர்களா' என்று கேட்பதைவிட, வீட்டிலுள்ள மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்வதில் பலன் அதிகம்.

இவர் விஷயத்தில் 2022 மார்ச்சிலேயே கண்டிருந்தால் வலது தலை காப்பாற்றப்பட்டிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அமுங்குவதற்கு முன் துளையிட்டவர்களிலும் ஒரு பகுதியினருக்குப் பின்னால் அமுங்குகிறது. ஆனால் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இடது காலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே தொடர்கிறது, தவளை நிலைப் படமும் சேர்த்து. இடையில் இடது முட்டியில் வலி வந்தால் தேதிக்குக் காத்திராமல் அன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள்.